சிங்கப் பாட்டும் பத்து ஷில்லிங்கும்

நிலத்தைக் கவர வரும் அன்னியனுக்குப் பட்டாளம் வேண்டும், பீரங்கி வேண்டும், கோட்டை கொத்தளம் வேண்டும். ஒரு ஜனசமூகத்தின் பாட்டைக் கவர வருகிறவனுக்கோ ஒரு காகிதமும் ஒரு பேனாவும் போதும். முன்னதைக் கொள்ளை என்று உலகம் அறிந்துகொண்டது. பின்னதை இன்னமும் வியாபாரம் என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைத் தென்னாப்பிரிக்கப் பாட்டு ஒன்றின் சரித்திரம் தெளிவாகக் காட்டும். கிராமபோன் தட்டில் பிறந்து, அமெரிக்க நாடோடி இசையில் புகுந்து, வாலிபர்களின் ஆட்டப் பாட்டாக மாறி, சினிமாவிலும் நாடக மேடையிலும் ஏறி, இன்று கைத்தொலைபேசியிலும் ஒலிக்கிற பாட்டு அது. அதன் மெட்டைக் கேட்டிராத தேசம் அரிது. அதைச் செய்தவரின் பெயரைக் கேட்டிருப்போரோ மிகச் சிலர்.

நேட்டாலில் பிறந்த பாடகர்

நேட்டால் என்ற பெயர் தமிழருக்குப் புதிதன்று. 1860-ஆம் வருஷம் முதல் நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்று கரும்புத் தோட்டங்களில் உழைத்த பூமி அது. அந்த நேட்டாலின் உட்பகுதியில், ஜூலு மக்களின் மலைநாட்டில், 1909-ஆம் வருஷம் சாலமன் லிண்டா பிறந்தார். மிஷன் பள்ளியில் சிறிது படித்தார். சிறு வயதில் மாடு மேய்த்தார். கலியாண வீடுகளிலும் விருந்துகளிலும் தோழர்களோடு கூடிப் பாடினார்.

அவர் நான்கு வயதுக் குழந்தையாயிருந்த 1913-இல், வெள்ளையர் சர்க்கார் நிலச் சட்டம் ஒன்றை இயற்றியது. நாட்டின் ஆதிகுடிகள் நிலம் வைத்துக்கொள்ளக்கூடிய பிரதேசத்தை அச்சட்டம் மொத்த நிலப்பரப்பில் ஏறக்குறைய 100-க்கு 7 பங்காகச் சுருக்கியது. நிலமில்லாத குடியானவன் எங்கே போவான்? தங்கச் சுரங்கங்களின் நகரமான ஜோகன்னஸ்பர்க்குக்குக் கூலி வேலை தேடிப் போவான். லிண்டாவும் 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அப்படியே போனார். ஓட்டல் ஒன்றில் வேலை கிடைத்தது. பகலெல்லாம் பிறருக்கு உழைத்த அவர் இரவில் தமக்காகப் பாடினார். அவரும் தோழர்கள் ஐவரும் சேர்ந்த குழுவுக்கு 'மாலைப் பறவைகள்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரே மாதிரியான கோடு போட்ட கோட்டும் தொப்பியும் அணிந்து மேடை ஏறினார்கள். சொந்த நாட்டிலேயே இரண்டாந்தரக் குடிகளாக ஆக்கப்பட்டவர்கள் தங்கள் மானத்தைத் தங்கள் உடையிலும் குரலிலும் காத்துக்கொண்ட காலம் அது.

மூன்று நிமிஷத் தட்டு

1939-ஆம் வருஷம் காலோ என்ற இசைத்தட்டுக் கம்பெனி இக்குழுவைத் தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்தது. அக்காலத்துத் தட்டு நிமிஷத்துக்கு 78 முறை சுற்றும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிஷம் பாடலாம். விடிய விடியப் பாடிப் பழகியவர்கள் தங்கள் கலையை அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. அன்று அவர்கள் பாடியவற்றில் ஒன்று 'ம்பூபே'. ஜூலு மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். மாட்டு மந்தையைக் காக்கும் சிறுவனாய்ச் சிங்கத்தை விரட்டிய நினைவே பாட்டின் கரு என்று லிண்டாவின் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

இரண்டு முறை பாடிப் பார்த்தார்கள். மூன்றாம் முறை பாடுகையில், தோழர்கள் அடிக்குரலில் திரும்பத் திரும்ப ஒரே அடியைப் பாடிக்கொண்டிருக்க, லிண்டா உச்சக் குரலில் அவர்களுக்கு மேலே தாவித் திரிந்தார். பாட்டு முடியும் தறுவாயில் ஒரு புதிய மெட்டு அவருடைய கண்டத்திலிருந்து எழுந்தது. எவரும் எழுதிக் கொடுத்ததன்று அது. அந்த க்ஷணத்தில் பிறந்தது. தட்டு அதைப் பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் முணுமுணுத்த மெட்டு அதுதான்.

தட்டு தென்னாப்பிரிக்காவில் அமோகமாக விற்றது. பத்து வருஷங்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் தட்டுகள் போயிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். லிண்டாவின் பாணியைப் பின்பற்றிய கூட்டுப் பாடலுக்கே 'ம்பூபே' என்ற பெயர் நிலைத்தது. ஒருவருடைய ஒரே பாட்டு ஓர் இசை மரபின் பெயராகும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆனால் லிண்டாவுக்கு வாய்த்த உத்தியோகம் என்ன? அதே கம்பெனியின் தட்டுகளைப் பொதி கட்டும் கூடத்தில் பெருக்குவதும் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பதுமே. பாட்டின் உலக உரிமை முழுவதையும் 1952-இல் அவர் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பெற்ற விலை பத்து ஷில்லிங்.

கடல் கடந்த பாட்டு

இதற்குள் அந்தத் தட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே ஒரு கம்பெனி வேண்டாமென்று ஒதுக்கிய ஆப்பிரிக்கத் தட்டுகளை ஆலன் லோமாக்ஸ் என்ற நாடோடிப் பாட்டு ஆராய்ச்சியாளர் காப்பாற்றித் தம் நண்பர் பீட் சீகரிடம் கொடுத்தார். சீகர் தொழிலாளர் கூட்டங்களிலும் சமாதானக் கூட்டங்களிலும் பாடியவர்; நேர்மையானவர்; 1955-இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் கமிட்டிக்கு முன் தம் நண்பர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்தவர். அவர் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு மெட்டை எழுதிக்கொண்டார். 'நீ சிங்கம்' என்று பொருள்படும் ஜூலுச் சொல் அவருடைய செவியில் 'விமோவே' என்று விழுந்தது. அந்தப் பொருளற்ற சொல்லே பாட்டின் பெயராயிற்று. அவரும் கூட்டாளிகளும் சேர்ந்த 'வீவர்ஸ்' குழு அதை 1951-இல் தட்டில் பாடியது. பாட்டு நாடெங்கும் பரவியது.

ஆக்கியோன் என்ற இடத்தில் அந்தத் தட்டில் என்ன பெயர் அச்சாயிற்று? 'பால் கேம்பல்' என்ற பெயர். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. யார் செய்ததென்று தெரியாத பழம் பாட்டுகளை அமைத்துப் பாடும்போது வீவர்ஸ் குழுவினர் பயன்படுத்திய புனைபெயர் அது. சாலமன் லிண்டா என்ற மனிதர் ஜோகன்னஸ்பர்க்கில் உயிரோடிருந்தார். தட்டுக் கூடத்தில் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டோ ஆசிரியர் இல்லாத பாட்டாகிவிட்டது. தம் பங்கைப் பாட்டின் மூலகர்த்தாவுக்கு அனுப்பும்படி சீகர் பிரசுரகர்த்தரிடம் சொன்னார்; தாமே ஆயிரம் டாலர் அனுப்பியதாகவும் கூறினார். ஆனால் பணம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று அவர் தொடர்ந்து விசாரிக்கவில்லை. அதற்காகப் பிற்காலத்தில் வருந்தினார். நல்லவர்களின் கவனக்குறைவும் ஏழையின் வயிற்றில் அடிக்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

1961-இல் பாட்டு மறுபிறவி எடுத்தது. ஜார்ஜ் டேவிட் வெய்ஸ் என்பவர் அதற்குப் புதிதாக ஆங்கில வரிகள் எழுதினார். காட்டிலே சிங்கம் உறங்குவதாக ஒரு தாலாட்டைப் போல அமைத்தார். 'டோக்கன்ஸ்' என்ற வாலிபர் குழு அதைப் பாட, அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலின் முதல் இடத்தை அது பிடித்தது. ஜூலு இடையனை எதிர்த்து நின்ற சிங்கம் அமெரிக்கக் குழந்தையின் தொட்டிலருகே படுத்துக்கொண்டது! லிண்டா அந்தத் தட்டுக் கூடத்தில் பாடுகையில் பிறந்த அதே மெட்டு இந்தப் பாட்டின் முதுகெலும்பாய் நின்றது. ஆசிரியர் பட்டியலில் வெய்ஸும் தட்டைத் தயாரித்த இருவரும் இருந்தார்கள், லிண்டா இல்லை.

அடுத்த வருஷம், 1962-இல், லிண்டா சிறுநீரக நோயால் இறந்தார். மனைவியிடமும் மக்களிடமும் அவர் விட்டுச் சென்றது வறுமையே. அவருடைய சமாதியின் மேல் பெயர் பொறித்த ஒரு கல்லை நாட்டுவதற்குக் குடும்பத்தாருக்கு 18 வருஷம் ஆயிற்று. பாட்டு மட்டும் நிற்கவில்லை. 1982-இல் இங்கிலாந்தில் மற்றொரு குழு பாட, அங்கேயும் முதல் இடத்துக்கு வந்தது. 1994-இல் டிஸ்னி கம்பெனியின் 'லயன் கிங்' படத்தில் இடம்பெற்றது. 1997-இல் அந்தப் படத்தைத் தழுவிய நாடகத்தோடு மேடைக்கு வந்தது. 2000-ஆம் வருஷம் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ரியான் மாலன் இந்தக் கதை முழுவதையும் துருவி ஆராய்ந்து அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். 'லயன் கிங்' சம்பந்தமாக மட்டும் பாட்டு ஈட்டிய தொகை சுமார் 1 கோடியே 50 லட்சம் டாலர் இருக்கலாம் என்பது அவருடைய மதிப்பு.

சட்டத்தில் ஒளிந்திருந்த நியாயம்

எழுதிக் கொடுத்தவன் கொடுத்தவன்தானே, பிறகு என்ன வழக்கு என்று கேட்கலாம். லிண்டா மட்டுமல்ல, அவர் இறந்த பின் அவருடைய மனைவியும் மகள்மாரும்கூடக் காகிதங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தமே என்று பணம் படைத்தோர் எப்போதும் சொல்வார்கள். ஆனால் ஒரு பழைய சட்டத்தின் மூலையில் வேறொரு நியாயம் ஒளிந்திருந்தது.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கென 1911-இல் ஒரு பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் அது அமுலில் இருந்த காலத்திலேயே லிண்டா பாடினார். அதன் விதி ஒன்றின்படி, நூலாசிரியரோ இசையாசிரியரோ தம் உரிமையை எவருக்கு விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 வருஷமானதும் அது வாரிசுகளின் நன்மைக்காக அவருடைய உடைமைகளை நிர்வகிப்பவரிடம் திரும்பிவிடும். ஆசிரியர் வறுமையில் அற்ப விலைக்கு விற்றுவிட்டாலும் அவருடைய பிள்ளைகள் முழுவதும் மோசம்போகக்கூடாது என்பதே அதன் கருத்து. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸின் பெயரால் அதைச் சட்ட நிபுணர்கள் குறிப்பிடுவதுண்டு. இந்த விதிப்படி, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கீழ் இருந்த நாடுகளில் பாட்டின் உரிமை 1987-இல் லிண்டாவின் வாரிசுகளுக்காகத் திரும்பியிருக்க வேண்டும். அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வார் எவரும் இருக்கவில்லை.

சட்டப் பேராசிரியர் ஓவன் டீன் இந்த விதியைக் கையில் எடுத்தார். நிறவெறி ஆட்சி ஒழிந்த பின் வந்த சுதந்திர சர்க்கார் துணை நின்றது. காலோ கம்பெனியும் இம்முறை வழக்குக்கு உதவியது. 2004-இல் டிஸ்னி கம்பெனியின் மேல் தென்னாப்பிரிக்கக் கோர்ட்டில் வழக்குத் தொடரப்பட்டது. அந்நாட்டில் அக்கம்பெனிக்கு உள்ள வியாபாரச் சின்னங்களைக் கோர்ட்டார் ஜப்தி செய்தார்கள். விசாரணை நடக்கும் முன்பே 2006 பிப்ரவரியில் பாட்டின் உரிமையை வைத்திருந்த அமெரிக்கப் பிரசுரக் கம்பெனி ராஜிக்கு வந்தது. 1987 முதலான பாக்கியும் இனி வரும் ராயல்டியில் பங்கும் குடும்பத்துக்கு உண்டென்றும், ஆசிரியர்களில் ஒருவராக லிண்டாவின் பெயர் போடப்படுமென்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

நியாயம் வென்றது என்று மகிழலாம். ஆனால் கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டும். தட்டு வெளியானது 1939. ராஜி ஏற்பட்டது 2006. இடையே 67 வருஷம். ஆசிரியர் இறந்து 50 வருஷத்தில் பதிப்புரிமை முடிவது தென்னாப்பிரிக்கச் சட்டம். ஆகவே அங்கே 2012-ஆம் வருஷத்தோடு லிண்டாவின் பாட்டுக்கு உரிமை தீர்ந்தது. பிறர் அனுபவித்த காலம் எவ்வளவு, குடும்பம் அனுபவித்த காலம் எவ்வளவு என்பதை வாசகர்களே அளந்துகொள்ளலாம்.

பொதுச் சொத்தும் களவுச் சொத்தும்

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். பாட்டு என்பது பொதுஜனச் சொத்தல்லவா? அதற்கு வேலி கட்டுவது தேசியத்துக்கு அழகா? லிண்டாவே ஜூலு மக்களின் கலியாணப் பாட்டிலிருந்து பயின்றவர்தானே? வீவர்ஸ் பாடியிராவிட்டால், வெய்ஸ் ஆங்கில வரி எழுதியிராவிட்டால், அவருடைய பாட்டு ஜோகன்னஸ்பர்க்கைத் தாண்டியிருக்குமா?

ஆட்சேபம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. அமைத்தவருக்கும் வரி எழுதியவருக்கும் அவரவர் உழைப்புக்குரிய பங்கு உண்டு. அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் பாட்டு பொதுச் சொத்து என்ற சித்தாந்தம் லிண்டாவிடம் வாங்கும்போது மட்டுமே பேசப்பட்டது. அமெரிக்கப் பிரசுரகர்த்தர்கள் தங்கள் பங்கை ஒரு நாளும் பொதுச் சொத்தாக விட்டுவிடவில்லை. ஏழையின் வீட்டில் எடுக்கும்போது நாடோடிப் பாட்டு. தன் பெட்டியில் வைத்துப் பூட்டும்போது பதிப்புரிமைப் பாட்டு! இரட்டை நாக்கு என்பது இதுவே.

உண்மையான பொதுச் சொத்து எப்படி உண்டாகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறிக் கடைசியில் பட அதிபர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. கவியின் பாட்டு நாட்டுக்கு உரியதாக வேண்டுமென்று எழுத்தாளர்களும் தேசபக்தர்களும் கிளர்ச்சி செய்தார்கள். 1949-இல் சென்னை சர்க்கார் அந்த உரிமைகளைப் பெற்றது. செட்டியார் தம் உரிமையை விலை வாங்காமலே கொடுத்தார். கவியின் குடும்பத்தாருக்குப் பணம் அளிக்கப்பட்டது. பின்னர் பாடல்கள் ஜனங்களுக்கு அர்ப்பணம் செய்யப்பட்டன. இதில் மூன்று அம்சங்களைக் கவனிக்க வேண்டும்: ஆசிரியரின் பெயர் மறையவில்லை, குடும்பம் கைவிடப்படவில்லை, பொதுவாக்கப்பட்ட பின் எவரும் அதைத் தனதென்று பூட்டவில்லை. இந்த மூன்றும் இருந்தால் அது தானம். மூன்றும் இல்லாவிட்டால் அது களவு.

நேர்மையாக நடக்க இசை வியாபாரத்தில் இடமில்லை என்பதும் பொய். லிண்டா தோற்றுவித்த மரபில் வந்த 'லேடிஸ்மித் பிளாக் மாம்பாஸோ' குழுவின் தலைவர் ஜோசப் ஷபலாலாவோடு அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 1986-இல் சேர்ந்து பாடினார். 'கிரேஸ்லாண்ட்' என்ற அந்த இசைத்தொகுப்பு, நிறவெறி ஆட்சிக்கு எதிரான கலைப் பகிஷ்காரத்தை மீறியதென்று கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. அந்த விவாதம் வேறு. ஆனால் இருவரும் சேர்ந்து செய்த 'ஹோம்லெஸ்' என்ற பாட்டுக்கு இருவர் பெயரும் ஆசிரியர் பெயராக அச்சாயிற்று. 1951-இல் செய்திருக்கக்கூடியதும் இதுவே.

நம் கடமை

தென்னாப்பிரிக்காவின் கதை நமக்கு எதற்கு என்று எவரும் சொல்ல வேண்டாம். லிண்டாவின் குடும்பத்தைக் காத்த அதே 1911-ஆம் வருஷத்துச் சட்டம் சில மாற்றங்களோடு 1914-இல் இந்தியாவிலும் அமுலாக்கப்பட்டது. சுதந்திரம் அடைந்தபின் 1957-இல் நாம் நமக்கென்று சட்டம் செய்துகொண்டோம். 25 வருஷத்தில் உரிமை திரும்பும் பழைய விதி அதில் இடம் பெறவில்லை. சினிமாவுக்காகச் செய்த பாட்டுக்குப் படமுதலாளியே முதல் உரிமையாளர் என்ற கொள்கையை 1977-இல் சுப்ரீம் கோர்ட்டு உறுதிப்படுத்தியது. பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் கையேந்தி நிற்க நேர்ந்தது. 2012-இல்தான் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. படத்தோடு சேர்ந்து கொட்டகையில் ஒலிப்பது தவிர மற்ற உபயோகங்களில் வரும் ராயல்டியின் சம பங்கை, வாரிசுகளுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு எவருக்கும் அவர்கள் எழுதிக் கொடுக்க முடியாது என்று விதித்தது. பசித்தவன் தன் கையெழுத்தால் தன் பிள்ளையின் சோற்றை விற்றுவிடாதபடி தடுப்பதே சட்டத்தின் தர்மம். அந்தத் தர்மத்தை நாம் நெடுங்காலம் கழித்து மீட்டிருக்கிறோம், அதைத் தளரவிடலாகாது.

ஆயினும் சட்டம் பெயர் உள்ளவனையே காக்கும். நம் கிராமங்களில் தெம்மாங்கு பாடுவோர், ஒப்பாரி கட்டுவோர், நடவுப் பாட்டுப் பாடுவோர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் பாடுவதில் முன்னோர் வழி வந்தது பாதி. தாமே புதிதாகக் கட்டியது பாதி. நகரத்திலிருந்து ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'நாட்டுப்புறப் பாடல்' என்று முத்திரை குத்திக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்த முத்திரை விழுந்தவுடன் பாடியவர் மறைந்துவிடுகிறார். அமெரிக்காவில் 'பால் கேம்பல்' செய்த வேலையை இங்கே அந்த ஒரு சொல் செய்துவிடுகிறது. மூன்று நிமிஷத் தட்டிலாவது ஒட்டுச் சீட்டில் ஒரு பெயர் அச்சடித்திருந்தது. கைத்தொலைபேசியில் ஓடி மறையும் பாட்டிலோ பெயரைத் தேடிப் போனால்தான் காணலாம், தேடுவாரும் சிலரே.

ஆகையால் பொதுப்பணியில் ஈடுபட்டோர் செய்யத்தக்கது இது. பாட்டைப் பதிவு செய்யும்போது பாடியவர் பெயரையும் ஊரையும் முதலில் எழுத வேண்டும். இது யார் கட்டியது என்று அவரிடமே கேட்க வேண்டும். மேடையில் பாடும்போது அந்தப் பெயரைச் சபையறியச் சொல்ல வேண்டும். பாட்டினால் பணம் வந்தால் பங்கு கொடுக்க வேண்டும். கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்கவும் வேண்டும். கையெழுத்துக் கேட்டுக் காகிதம் வந்தால், கையெழுத்திடுமுன் அதன் பொருளை அவருக்கு விளங்கச் சொல்ல ஒரு நண்பர் பக்கத்தில் இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் செல்வத்தையோ அதிகாரத்தையோ எதிர்பார்ப்பதன்று. சிரத்தை ஒன்றே வேண்டும்.

லிண்டா பத்து ஷில்லிங்குக்குக் கையெழுத்திட்ட நாளில் அவர் பக்கத்தில் அப்படி ஒரு நண்பர் இருக்கவில்லை. நம் ஊர்ப் பாடகரின் பக்கத்தில் நாம் இருக்கலாம்.